லைட்டு டிசைனர் வீட்டுப் பின்கதவு

சலக், சலக் என்று புறவாசல் பக்கம் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது, நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டம் ராத்திரியில் அழகாகத் தெரிவதற்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தொழில் அப்படி. வெளிச்சம் போடுகிறவர்கள் என்று பெயர். பொழுது அடைந்தால்தான் வேலையே ஆரம்பிக்கும்.

பகலில் போய் அளவெடுக்கலாம், எந்த மரம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் நன்றாயிருக்கும் என்பது இருட்டிய பிறகுதான் தெரியும். அதனால் ஒயரைத் தற்காலிகமாக இழுத்து, சின்னச் சின்ன விளக்குகளை மண்ணில் குத்தி வைத்து, வீட்டுக்காரர்களை வெளியே கூப்பிட்டுக் காட்டுவோம். மாக்-அப் என்போம். ராஜபாளையத்தில் ஒரு விளக்குக் கடையில் இதுதான் என் வேலை. விசிட்டிங் கார்டில் 'டிசைனர்'. வாடிக்கையாளர்கள் வாயில் 'லைட்டுப் பிள்ளை'.

லைட்டுப் பிள்ளைக்கு இருட்டு என்றால் பயம். இதை இதுவரை கடையில் யாரிடமும் சொன்னதில்லை. இதைப் படிப்பவர்களில், வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பி, பூட்டில் சாவியைப் போடுமுன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கிற பெண்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான், பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

தாழ்ப்பாள் போடாத வீடு

எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசியில், மலையைப் பார்த்த வரிசையில் இருக்கிறது. பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். பொங்கல் லீவு முடிந்து அவர் ரயிலேறிய வாரத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. காய்ந்த புளியங்காய்க் கொத்தைக் குலுக்குவது போல, சலங்கை கட்டிய கால் ஒன்று தயங்கித் தயங்கி நடப்பது போல. நிற்கும். பிறகு மண்ணைப் பறண்டும். பால் ஊற்ற வருகிறவரிடம் கேட்டதற்கு, "அய்யனார் வேட்டைக்குப் போற தடம்மா, நல்லதுதான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சுத்தமாகத் தூக்கம் போயிற்று. பயம் வந்தால் என் வாயில் முதலில் வருவது கான்வென்ட் ஹாஸ்டலில் படித்த ஜெபம். அதற்குப் பிறகுதான் ஆண்டாள். இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளாமல் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பயந்தவள் கதவை இறுக்கிப் பூட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள்? நான் நேர்மாறு. முன்கதவைப் பூட்டிவிடுவேன். சமையலறைப் பின்கதவைச் சும்மா சாத்தி மட்டும் வைப்பேன், தாழ்ப்பாள் போடமாட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், எல்.கே.ஜி. படிக்கிற என் மகள் யாழினிக்குத் தாழ்ப்பாள் எட்டாது. நான் வேலைக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுச் சுசீலாக்கா எப்படி உள்ளே வருவார்? யாராவது திருட்டுத்தனமாகத் திறந்தால் தெரியவேண்டும் என்பதற்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் குடம், அதன் மேல் ஒரு தம்ளர். இதுதான் என் பாதுகாப்பு ஏற்பாடு.

தேவதானத்திலிருந்து அத்தை, அதாவது மாமியார், தினமும் போனில் பேசுவார். "பிள்ளைக்குப் பரீட்சை லீவு விட்டதும் வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துரு தாயி. பயந்து பயந்து அங்க என்ன பொழப்பு?" என்பார். பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் அங்கே போனால் இந்த வேலை போயிற்று. மாக்-அப் முடிய எட்டரை ஆகும். அதற்குமேல் தினமும் இருட்டில் தனியாகப் பஸ் பிடித்து எப்படித் தேவதானம் போவது? ஆக, பரீட்சை லீவுக்குள் ஒன்று என் பயம் போகவேண்டும், இல்லையென்றால் என் வேலை போகவேண்டும். வீட்டுக்காரரிடம் போனில் அழுதேன். அவர் சொன்னார்: "ஏட்டி, பார்டர்ல நிக்குறவன் நானு. நீ ஏன் அங்க நின்னு நடுங்குத?"

பால்கோவாப் பதம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற ஒருவர் புதிதாக வீடு கட்டியிருந்தார். வீட்டைச் சுற்றிப் பவளமல்லி, நந்தியாவட்டை, பின்பக்கம் ஒரு பெரிய வேம்பு. அவரிடம் நான் வார்ம் ஒயிட், நியூட்ரல் ஒயிட், கூல் டேலைட் என்று கான்வென்ட் இங்கிலீஷில் கால்மணி நேரம் பாடம் நடத்தினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "எல்லாம் வெள்ளைதானம்மா?" என்றார்.

எங்கள் எலெக்ட்ரீஷியன் முருகேசண்ணன் ஏணியில் நின்றபடி சிரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, பாலை அடுப்புல ஏத்தும்போது ஒரு வெள்ளை இருக்குல்ல? அது ஆஸ்பத்திரி டியூப்லைட். பாதி சுண்டினதும் ஒரு நிறம் வரும், அது நியூட்ரல். கிண்டி இறக்கும்போது வருதே, அது வார்ம். இதுல உங்களுக்கு எது வேணும்?" என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நேராக வேம்புக்குப் போய் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். உள்ளேயிருந்த சம்சாரத்தைக் கூப்பிட்டு அவரிடமும் கலந்து பேசினார். இதுவரை எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு துல்லியமாக எனக்கு ஆர்டர் கொடுத்ததில்லை: "அடி பிடிக்கதுக்குக் கொஞ்சம் முந்தி, துடுப்பு கனக்கும்லா, அந்த நிறம். அதுக்கு மேல ஒரு கிண்டு கூடப் போயிரக் கூடாது."

ஒரு நாய், இரண்டு காவல்

ராஜபாளையத்தில் ஒரு மில்காரர் வீடு. அவர் வளர்ப்பது எங்கள் ஊர் நாய்தான். பால்வெள்ளை, ரோஸ் மூக்கு, பெயர் ராணி. வேலை ஆரம்பிக்குமுன் நாயைக் கட்டச் சொன்னேன். "அது ஒண்ணும் செய்யாதும்மா" என்றார். உலகத்திலுள்ள எல்லா நாய்க்காரர்களும் சொல்கிற வார்த்தை அது. முருகேசண்ணன் மீசையைப் பார்த்தால் போலீஸ்காரர்களே சல்யூட் அடிப்பார்கள். ஆனால் ராணி ஒரு தடவை கொட்டாவி விட்டதும் அவர் எங்கள் லோடு ஆட்டோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தபடியே, "பாப்பா, அந்த ஒயரை இங்கிட்டு வீசு, நான் இங்க இருந்தே கனெக்ஷன் கொடுக்கேன்" என்றார்.

நானே விளக்கைத் தரையில் குத்தி, பாக்குமரத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். சுவிட்சைப் போட்ட நேரம் பார்த்து ராணி விளக்குக்கு முன்னால் போய் நின்றது. பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில், மாடி உயரத்துக்கு ஒரு நாய். காது ஆடினால் தென்னை மட்டை ஆடுவது போலிருந்தது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். நான் பதறிப்போய், "சாரி சார், லைட்டை இடம் மாத்திடுறேன்" என்றேன். மில்காரர் என் கையைப் பிடிக்காத குறைதான். "தொட்டுராதம்மா! ரெண்டு நாய் காவலு, ஒரு நாய்க்குத்தான் சோறு. இது யாருக்கும்மா கிடைக்கும்?"

அண்ணன் வெளிச்சம், தம்பி சுவர்

தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்புகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மதில். ஆம்பளைகள் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில்தான் டீ குடிக்கிறார்கள். ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை; கேட்டால் டீ ஆறிவிடும் என்று முருகேசண்ணன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அண்ணன் வீட்டில்தான் வேலை. அண்ணி முதலிலேயே சொல்லிவிட்டார்: "எங்க வீட்டு வெளிச்சம் அவிய வீட்டுல ஒரு சொட்டு விழப்படாது."

நான் எல்லாரிடமும் சொல்கிற ஒன்றை இவரிடமும் சொன்னேன். தோட்டத்தில் முதலில் வெளிச்சம் போடவேண்டியது வாசலில் அல்ல, கடைசியில் இருக்கிற சுவரில். ரொம்ப வேண்டாம், லேசாக. எல்லை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், நடுவில் இருட்டாக இருந்தாலும் மனசு பதறாது. வாசலிலேயே கண் கூசுகிற விளக்கைப் போட்டால் அதற்கு அந்தப் பக்கம் எல்லாமே கறுப்புச் சுவராகிவிடும். சரி என்றார். மதில் ஓரத்து விளக்குகளுக்கெல்லாம் மூடி போட்டு, ஒரு சொட்டுக்கூட எதிர்ப்பக்கம் போகாமல் கவனமாகத் திருப்பினேன்.

மாக்-அப் அன்று தம்பி வீட்டு மொட்டைமாடியில் குடும்பமே கூடிவிட்டது. சின்னப் பிள்ளைகள் கைதட்டின. கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து தம்பி சம்சாரத்தின் குரல், என்னிடம் பேசுவது போல: "ஏம்மா லைட்டு, அந்த வெளக்க ஒரு சாண் இங்கிட்டு ஒசத்துனா என்னவாம்? எங்க மாதுளைச் செடியும் தெரியும்லா?" நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் மதிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஆனால் மாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "வேணுங்கறவிய மாடியில நின்னு கத்தாம, வாசல் வழியா வந்து கேக்கச் சொல்லு. காப்பியும் போட்டு வச்சிருக்கேன்."

மாதிரி வீடு

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சத்தம் ஆரம்பித்த வாரத்திலேயே, கடையில் இருப்பதிலேயே பெரிய ஃப்ளட் லைட்டாகப் பார்த்து வாங்கிப் பின்சுவரில் மாட்டியிருந்தேன். அதற்கும் சத்தம் நிற்காததால் பக்கத்துக்கு ஒன்றாக மேலும் இரண்டு. பொழுது அடைந்தால் விடியும் வரை எரியும். எந்த வாடிக்கையாளராவது இப்படிப் போட்டால் நானே போய்க் கழற்றிவிட்டு வருவேன். அன்று என் புத்தியில் அது உறைக்கவில்லை.

மகாராஜபுரத்துக்காரர் ஒருவர், போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், வீட்டுக்கு நாலு மூலையிலும் ஃப்ளட் லைட் வேண்டும் என்று நின்றார். வேண்டாம் சார் என்று முடிந்தமட்டும் சொன்னேன். மடக்கினார். "சரிம்மா, உங்க வீட்டுல எப்படிப் போட்டிருக்கீங்க? அதப் பாத்துட்டுப் பொறவு முடிவு பண்ணுதேன். டாக்டர் அவர் திங்குற மாத்திரையத்தான் நமக்கு எழுதுதாரான்னு பாக்கணும்லா." எத்தனையோ பொய் யோசித்தேன். போலீஸ்காரரிடம் எதுவும் எடுபடாது என்று பேசாமல் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சம்சாரமும் கூட வந்தார்.

தெரு முனை திரும்பும்போதே என் வீடு ஜெகஜ்ஜோதியாகத் தெரிந்தது. அவர் பைக்கை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ஏம்மா, கபடி எத்தனை மணிக்கு?" என்றார். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அழுகை வந்தால் சிரித்துவிடுவது எனக்கு ஹாஸ்டலில் வந்த பழக்கம்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் பந்தோபஸ்து டியூட்டி என்று போய்விட, பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸில் தனியாகவே காலத்தை ஓட்டியவராம். சமையலறைக்குள் வந்தார். கதவுக்குப் பின்னால் குடத்தையும் தம்ளரையும் பார்த்தார். பின்வாசல் படியில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து வேலிப் பக்கம் உற்றுப் பார்த்தார். வேலி தெரியவில்லை. தோப்பு தெரியவில்லை. விளக்குக்கு அந்தப் பக்கம் ஒரே கறுப்பு. என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எம்புட்டு வெளிச்சம் போட்டிருக்கே! அங்கிட்டு நிக்குறவனுக்கு நீ நல்லாத் தெரிவே. உனக்குத்தான் ஒண்ணும் தெரியல. எப்படிம்மா பயப்படாம இருப்பே?"

என் வீட்டு மாக்-அப்

மறுநாள் முருகேசண்ணனைக் கூப்பிட்டேன். "எந்த வீடு பாப்பா?" என்றார். "நம்ம வீடுதாண்ணே" என்றேன். பொழுது அடையுமுன் மூன்று ஃப்ளட் லைட்டுகளையும் கழற்றினோம். வேலி ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சின்ன விளக்குகள், வேலியைப் பார்த்து. துவைக்கிற கல் பக்கத்தில் ஒன்று, மூடி போட்டு. முருங்கைக் கிளையிலிருந்து நிலா வெளிச்சம் மாதிரி கீழ்நோக்கி ஒன்று. எல்லாம் பால்கோவாப் பதம். சமையலறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார். "யாராவது நாய் வளக்காங்களா இங்க?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனார்.

சமையலறையை இருட்டாக்கி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நான், என் மடியில் யாழினி, பக்கத்தில் சுசீலாக்கா. அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு, என்னோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அன்றுதான் ராத்திரியில் எங்கள் வேலியைப் பார்க்கிறேன். சாதாரண வேலிதான். ஒரு இடத்தில் அடியில் மண் பள்ளமாகியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமரங்கள் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, அததன் இடத்தில் நின்றன.

சலக்.

என் கை தானாக யாழினியின் வாயைப் பொத்தியது. இன்னொரு கையை அக்கா பிடித்துக்கொண்டார். சலக், சலக். பள்ளத்தின் வழியாக ஒரு மூக்கு வந்தது. பிறகு குட்டையான கால்கள். பிறகு உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட முட்கள். நடக்க நடக்க வாலிலும் முதுகிலும் அவை ஒன்றோடொன்று உரசிச் சலங்கை போல ஒலித்தன. வீட்டு ஓனர் போன மழைக்கு நட்டுவைத்த சேனைக்கிழங்குப் பக்கம் நேராகப் போய், சொந்தத் தோட்டம் மாதிரி நின்று நிதானமாக மண்ணைப் பறண்ட ஆரம்பித்தது. "அய்யய்யோ, முள்ளபந்தி!" என்றார் அக்கா தெலுங்கில். முள்ளம்பன்றி. இரண்டு மாதமாக அய்யனார் என்று நினைத்து, இரண்டு மதத்துக்கும் பொதுவாக நான் ஜெபம் பண்ணியது இதற்குத்தான். என் கையை விலக்கிவிட்டு யாழினி சொன்னாள்: "அம்மா, சீப்பு நடந்து போகுது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இது அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு இல்லை. சத்தம் கேட்டு அது ஒரு நிமிஷம் முட்களை விரித்து நின்றது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மறுபடி கிழங்கைத் தோண்டியது. வயிறு நிறைந்த பிறகு வந்த வழியே போயிற்று. அது போய், பள்ளத்தைத் தாண்டி, இரண்டாவது மாமரத்துக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் என்னால் பார்க்க முடிந்தது.

உடனே அத்தைக்குப் போன் பண்ணினேன். என்ன ஏது என்று பதறினார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம். "முள்ளம்பன்னிக்கா தாயி இம்புட்டு நாளு நடுங்குன? அதுக்குப் பயந்தா உன்னைய இங்க வரச் சொன்னேன்? இங்க நம்ம தோட்டத்துக்கு அது குடும்பத்தோட வருது!" பரீட்சை லீவுக்கு லாரி பிடிக்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. லீவுக்குப் பிள்ளையை மட்டும் பத்து நாள் அனுப்பச் சொன்னார்.

சுசீலாக்கா கிளம்ப எழுந்தார். இருட்டில் காலால் குடத்தைத் தட்டிவிட்டார். தம்ளர் உருண்டு, அடுப்படி வரைக்கும் ஓடி, டணடணவென்று சுற்றி நின்றது. இத்தனை நாளில் என் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்தது அந்த ஒரு தடவைதான். அக்கா குடத்தை எடுத்து நிமிர்த்தி, தண்ணீர்ப் பானை பக்கம் கொண்டுபோய் வைத்தார். "இனி இது இங்கதான இருக்கணும்?" என்றார். ஆமாம் என்றேன். ஏதாவது என்றால் நீங்கள் எப்படி உள்ளே வருவீர்கள் என்று பழக்கத்தில் ஒரு தடவை கேட்டேன். முன்கதவுக்கு ஒரு சாவி கொடு, போன் பண்ணு, ஓடி வாரேன் என்றார். இது ஏன் இரண்டு பேருக்கும் இவ்வளவு நாளும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. சாவியைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு படியில் இறங்கியவர், திரும்பி நின்று, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "இப்பவாவது தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. உன் கதவு திறந்து கிடக்கே, திறந்து கிடக்கேன்னு இத்தனை நாளா நான்தான் தூங்கல."

அக்கா அவர் வீட்டு விளக்கை அணைக்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் தோட்டங்களுக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்த டிசைனர் தன் வீட்டுக்கென்று செய்த உருப்படியான வேலைகள் இரண்டே: மூன்று விளக்குகளைக் கழற்றியது, பிறகு துருப்பிடித்து இறுகிப்போயிருந்த பின்கதவுத் தாழ்ப்பாளில் தேங்காயெண்ணெய் விட்டு, உள்ளேயிருந்து அதைப் போட்டது.